ஒரு நிமிட வீடியோவுக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதுங்கள்: வாசகர் கேள்வி பதில்

தொழிலுக்கு அனிமேஷன் வீடியோ செய்து வாங்குவது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் எழுதியிருக்கிறீர்கள், அதில்தான் எனக்கு வருத்தம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுக்கும் ஓட்டலுக்கும் வாட்டர் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை எடுக்கிற மெஷின், செய்து விற்கிறோம். மூன்றரை நிமிடத்தில் ஓர் அனிமேஷன் வீடியோ செய்யலாம் என்று இருக்கிறோம். கம்பெனி வரலாறு, அப்பா ஆரம்பித்த கதை, ஆறு மாடல், சர்வீஸ் வசதி, வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் வர வேண்டும். ஸ்கிரிப்ட் இணைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். – ராணிப்பேட்டை வாசகர்

பதில்: இரண்டு தடவை படித்தேன். முதல் ஐம்பது விநாடிக்கு உங்கள் குடும்பக் கதைதான் ஓடுகிறது. அப்பா சைக்கிளில் போய் பம்பு ரிப்பேர் செய்த கதை நல்ல கதை, அதை உங்கள் கடைச் சுவரில் ஒரு போட்டோவோடு எழுதி மாட்டுங்கள், வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். ஆனால் குழாயில் வெள்ளை படிந்து, கீசர் இரண்டாவது தடவை போய்விட்ட எரிச்சலில் ஃபோனைத் திறக்கிற ஒருவருக்கு அந்த ஐம்பது விநாடி ரொம்ப நீளம்.

உங்களை ஃபோனில் கூப்பிட்டு, கடைக்கு வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். யோசிக்காமல் சொன்னீர்கள்: "இன்னாங்க இது, உப்புத் தண்ணிக்குத்தானே மெஷின் வாங்குறோம், அதுலயே மூட்டை மூட்டையா உப்பு கொட்டச் சொல்றீங்களே, தண்ணி இன்னும் கரிக்காதா?" எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அப்படியென்றால் உங்கள் வீடியோ அதுதான். ஆறு மாடல் வேண்டாம், பாராட்டு வேண்டாம், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அதற்கு அனிமேஷனைவிடப் பொருத்தமான வழி கிடையாது, ஏனென்றால் தொட்டிக்குள் நடப்பதை எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது.

எழுதிப் பார்த்தேன், இப்படி வந்தது:

"உங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதுதான் குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறது, கீசர் காயிலைக் கெடுக்கிறது. இந்தத் தொட்டிக்குள் கடுகு மாதிரி லட்சக்கணக்கான மணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணியும் கையில் கொஞ்சம் சோடியத்தைப் பிடித்திருக்கும். தண்ணீர் வந்ததும் சோடியத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் எல்லா மணியின் கையும் நிறைந்துவிடும். அப்போதுதான் உப்புக் கரைசல் உள்ளே வருகிறது. மணிகள் சுண்ணாம்பை விட்டுவிட்டு மறுபடி சோடியத்தை எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்போடு அந்த உப்புத் தண்ணீர் வெளியே போய்விடும். நீங்கள் கொட்டுகிற உப்பு மணியைக் கழுவுவதற்கு. அந்தக் கரைசல் உங்கள் குழாய்க்கு வருவதில்லை."

கடிகாரம் வைத்து நிதானமாக வாசித்தால் முக்கால் நிமிடத்துக்குள் முடிகிறது. மீதிக் கால் நிமிடத்தில் ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: சாஃப்ட்னர் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அந்தச் சுண்ணாம்பைத்தான் எடுக்கும், தண்ணீரே கரிக்கிறது என்றால் அந்தக் கரிப்பை எடுக்காது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். இதைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். கரிப்புப் போகும் என்று நம்பி வாங்கியவர் மூன்றாம் நாள் கடைக்கு வந்து சத்தம் போடுவதைவிட இது மேல். உங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்கு. ஆங்கில வாய்ஸ் ஓவருக்கு, அதாவது படத்துக்குப் பின்னால் பேசுகிற குரலுக்கு, நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் மூச்சு முட்டும், நம் சொற்கள் நீளம், ஒரே சொல்லில் வேற்றுமையும் காலமும் ஒட்டிக்கொண்டு வரும். நான் இத்தனை வருஷமாகப் பதிவு செய்ததில் நிமிடத்துக்கு 90, மிஞ்சினால் 100 சொல்தான் காதுக்கு நன்றாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டில் 520 சொல் இருக்கிறது. மூன்றரை நிமிடத்துக்குள் அதை அடைத்தால் ஏலம் விடுகிற மாதிரிதான் கேட்கும்.

வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பணம் வீணாவது இங்கேதான். முதலில் ஸ்கிரிப்ட், அப்புறம் கட்டம் கட்டமாகப் படம் போட்ட ஸ்டோரிபோர்டு, அப்புறம் நிறமும் உருவமும் எப்படி இருக்கும் என்று காட்ட முழுதாக வரைந்த இரண்டு மூன்று ஃப்ரேம் (அசையாத தனிப் படம்), அப்புறம் குரல் பதிவு, அதற்கும் பிறகுதான் அசைவு, கடைசியில் இசையும் சத்தமும். குரலின் நீளத்துக்குத்தான் ஒவ்வொரு அசைவையும் கட்டுவார்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,500 ஃப்ரேம். எல்லாம் முடிந்த பிறகு நீங்கள் நடுவில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னால் குரல் பதிவு செய்தவரை மறுபடி கூப்பிட வேண்டும், அந்த இடத்துக்குப் பிறகு உள்ள எல்லாம் தள்ளிப்போகும். ஸ்கிரிப்டில் இருக்கும்போது அதே திருத்தத்துக்கு ஒரு பேனா போதும். அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: தாளில் உள்ள எழுத்தை உங்கள் வீட்டில், கடைப் பையனிடம், இரண்டு வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "ஓ, அதுக்குத்தான் உப்பா" என்று சொன்ன பிறகு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். அதுவரை ஸ்டுடியோவுக்கு அவசரம் காட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு நிமிட வீடியோவுக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் 6,000, ஒருவர் 28,000, சென்னையில் ஒருவர் 90,000. ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? யார் ஏமாற்றுகிறார்? – குடியாத்தம் வாசகி, லுங்கி மொத்த வியாபாரம்

பதில்: மூன்று பேரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம் அம்மா. ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

6,000 ரூபாய் வீடியோ பெரும்பாலும் டெம்ப்ளேட்டில் செய்வது. ரெடிமேட் பொம்மைகள், ரெடிமேட் அசைவுகள், கோட்டு போட்ட ஒருவர் விரல் நீட்டி நிற்பார், பின்னால் உயரமான கட்டடங்கள். அதே ஆளை நாளைக்கு இன்சூரன்ஸ் விளம்பரத்திலும் பார்ப்பீர்கள். அவருக்கு லுங்கி கட்டிவிட முடியாது, அதுதான் உங்கள் பிரச்சினை. கொஞ்ச நாள் வாட்ஸ்அப்பில் ஓட்டுகிற ஆஃபர் செய்திக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். நடுவில் உள்ள விலைக்குப் பொதுவாக உங்களுக்கென்று சில உருவங்களை வரைந்து, அசைவை எளிமையாக வைத்துச் செய்வார்கள். பெரிய விலையில் எழுதுவதற்கு ஒருவர், வரைவதற்கு ஒருவர், அசைப்பதற்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று ஆள் இருப்பார்கள். இல்லாமலும் இருக்கலாம், அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூவரிடமும் இதையே கேளுங்கள்: ஸ்கிரிப்ட் யார் எழுதுவார்? எத்தனை விநாடி? எனக்காகப் புதிதாக எத்தனை உருவம் வரைவீர்கள்? குரல் யாருடையது? எந்தக் கட்டத்தில் எத்தனை கரெக்‌ஷன்? கடைசியில் என்னென்ன ஃபைல் என் கைக்கு வரும்? இதை எழுத்தில் வாங்கிய பிறகு மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கிரிப்டை நீங்களே கொடுக்க வேண்டும் என்று 28,000 ரூபாய்க்காரர் சொன்னால், எழுதுகிற செலவும் உழைப்பும் உங்கள் தலையில் வரும், அதையும் கூட்டிப் பாருங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீடியோ தயாரிப்புக்கு 18 சதவீதம். ஆனால் நம் மாநிலத்தில் வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு உள்ள சேவைத் தொழில்காரர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கக் கூடாது. சேர்த்திருந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். மொத்தம் 15 எழுத்தும் எண்ணும் இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும்.

கேள்வி: போன வருஷம் ஒரு ஸ்டுடியோவில் வீடியோ செய்தோம், முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். இப்போது ஃபோன் நம்பரும் முகவரியும் மாறிவிட்டது. கடைசி நான்கு விநாடியை மட்டும் மாற்றித் தரக் கேட்டால் புது வீடியோ விலையில் பாதி கேட்கிறார்கள். ஒரிஜினல் ஃபைலைக் கொடுங்கள், வேறு இடத்தில் செய்துகொள்கிறோம் என்றால் மறுக்கிறார்கள். வீடியோ எங்களுடையதுதானே? – வாணியம்பாடி வாசகர்

பதில்: இதே மாதிரி ஒரு நிலைமையில் நானும் மாட்டியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்காக வெளியே கொடுத்துச் செய்த வேலை அது, ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாமல் முழுதாக மறுபடி செய்தேன், கைக்காசு போனது. ஆகவே உங்கள் கோபம் புரிகிறது.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான இடம் இருக்கிறது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. அசையும் படப்பதிவு எதுவும் இந்தச் சட்டத்தில் சினிமாப் படம் என்ற வகைக்குள் வரும், அனிமேஷனும் அப்படித்தான். எனவே நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் வேறுமாதிரி எழுதாமல் இருந்தால், முடிந்த வீடியோ உங்களுடையது. ஆனால் அந்தப் படத்துக்குள் இருக்கிற கதாபாத்திர ஓவியம், எழுத்து, இசை இவற்றுக்குத் தனித்தனி உரிமை உண்டு. அதை வரைந்தவர், எழுதியவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தால்தான் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுதிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும்: 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். ஷூ ஏற்றுமதி செய்கிற ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இந்தக் கடைசி வரியைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீடியோ ஜெர்மனியில் ஓட வேண்டியது.

நீங்கள் கேட்கிற ஒரிஜினல் ஃபைல், அதாவது லேயர் லேயராகப் பிரித்துத் திருத்தக்கூடிய வேலை ஃபைல், இன்னொரு விஷயம். முடிந்த வீடியோ உங்களுடையது என்பதாலேயே அது தானாக வந்துவிடாது, தொழிலில் அதற்குத் தனி விலை பேசுவது வழக்கம், தாளில் இல்லையென்றால் வாங்குவது கஷ்டம். இப்போதைக்கு அவர்களோடு சண்டை வேண்டாம், ஒரு நியாயமான தொகை பேசிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், கடைசி நான்கு விநாடியை வெட்டிவிட்டுப் புது முகவரி அட்டையை ஒட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் குரல் இல்லாமல் இசை மட்டும் இருந்தால் எந்த எடிட்டரும் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்.

அடுத்த தடவை செய்யும்போது நம்பர், முகவரி, விலை மூன்றையும் குரலில் சொல்லவே வேண்டாம். எழுத்தாக மட்டும், அதுவும் கடைசியில் மட்டும் வையுங்கள். வேலை ஃபைல், அதில் பயன்படுத்திய எழுத்துரு, குரலின் தனிப் பதிவு, இசைக்கு வாங்கிய லைசென்ஸ் ரசீது எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணை என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வது மூன்று தவணை: ஆரம்பத்தில் ஒன்று, ஸ்டோரிபோர்டுக்கு நீங்கள் சரி சொன்னதும் ஒன்று, ஃபைல் எல்லாம் கைக்கு வந்ததும் ஒன்று. முழுப் பணத்தையும் முன்னால் கொடுப்பதும், பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை ஆறு மாதம் இழுப்பதும் இரண்டுமே தப்பு.

கேள்வி: வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு போடலாமா? – ஆற்காடு வாசகர்

பதில்: வேண்டாம். உரிமை வாங்காமல் போட்டால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும், வீடியோ முடங்கலாம், விளம்பர வருமானம் பாட்டுக்காரருக்குப் போகலாம், கம்பெனி நோட்டீஸும் வரலாம். லைசென்ஸோடு கிடைக்கிற இசையை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

கேள்வி: காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறோம். சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வருகிற மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு ஆட்கள்தான் எங்களிடம் தங்குகிறார்கள். தமிழில் ஒரு வீடியோ செய்துவிட்டு அப்புறம் பெங்காலியில் டப்பிங் செய்துகொள்ளலாமா? – வேலூர் வாசகர்

பதில்: தமிழ் எதற்கு? உங்கள் வீடியோவைப் பார்க்கப் போகிறவர் ஹவுராவில் ரயில் ஏறுவதற்கு முன்னால் பார்க்கிறார். பெங்காலியில் முதலில் செய்யுங்கள், அதிலிருந்து இந்திக்குப் போங்கள். தமிழ்ப் பிரதி உங்களுக்கும் ஸ்டுடியோவுக்கும் புரிவதற்குத் தாளில் இருந்தால் போதும்.

டப்பிங் பற்றி நீங்கள் நினைப்பது பாதிதான் சரி. ஒரே விஷயத்தை ஒவ்வொரு மொழியிலும் சொல்ல வேறு வேறு நேரம் ஆகும், 8 விநாடியில் முடிந்த வாக்கியம் இன்னொரு மொழியில் 10 விநாடி போகும், பொம்மை வாய் மூடி நிற்கும், குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு மொழி என்று முதல் நாளே ஸ்டுடியோவிடம் சொல்லிவிடுங்கள். பேசுகிற வாயைக் காட்டாத மாதிரி காட்சி அமைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒன்றிரண்டு விநாடி கூடுதலாக விட்டு வைக்கச் சொல்லுங்கள், படத்தில் எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் தனியாக வாங்கி வையுங்கள். நாளைக்கு அசாமியிலோ நேபாளியிலோ வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது. பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து வாசகர் யாராவது உருதுவில் செய்வதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: எழுத்து வலமிருந்து இடம் போகும், அம்புக்குறியும் பக்கங்களும் அதற்குத் தகுந்த மாதிரி திரும்ப வேண்டும்.

எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று அந்த மொழிக்காரர்தான் பார்க்க வேண்டும். நம் தமிழிலேயே இந்தத் தொல்லை உண்டு, அனிமேஷன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் தட்டினால் "கொ"வில் உள்ள கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், "தொழில்" என்பது படிக்கவே முடியாத ஒன்றாகிவிடும். வெளியூர் ஸ்டுடியோவில் தமிழ் தெரியாத பையன் அதைக் கவனிக்கவே மாட்டான். பெங்காலியிலும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிற குறிகள் உண்டு, அங்கேயும் இதே கதைதான். உங்கள் லாட்ஜிலேயே தங்கியிருக்கிறவரில் ஒரு வாத்தியாரோ கல்லூரிப் பெண்ணோ இருப்பார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளடக்கத்துக்கும் அவர்களையே கேளுங்கள். ரூமில் சமைக்க அடுப்பு, பாத்திரம் தருவீர்களா, வீல்சேர் லிஃப்டில் ஏறுமா, ஆஸ்பத்திரிக்கு நடந்து போக எவ்வளவு நேரம், காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் எப்படி வருவது, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம். மொழி தெரியாத ஊருக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த ஐந்தும் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மனசில் வைத்துச் செய்யுங்கள், இது நல்ல காரியம்.

கேள்வி: சித்த வைத்தியசாலை நடத்துகிறேன். சர்க்கரை நோயை முழுதாகக் குணப்படுத்துகிறோம் என்று ஓர் அனிமேஷன் வீடியோ செய்ய ஆசை. – திருப்பத்தூர் வாசகர்

பதில்: அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். 1954ஆம் வருஷத்து மருந்து மற்றும் மந்திரத் தீர்வு விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய்களை ஒரு மருந்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம், பொம்மை சொன்னாலும் மனுஷன் சொன்னாலும் ஒன்றுதான். உங்கள் வைத்தியசாலை எத்தனை மணிக்குத் திறக்கும், முதல் தடவை வரும்போது பழைய ரிப்போர்ட் எதையெல்லாம் எடுத்து வர வேண்டும், ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, இதையெல்லாம் சொல்லுங்கள்.

கேள்வி: குரலுக்கு ஆள் வைத்தால் செலவு, ஏஐ குரல் போட்டால் இலவசம் என்கிறார்கள். எது நல்லது? – வாலாஜாபேட்டை வாசகி, பட்டுச் சேலை வியாபாரம்

பதில்: நீளம் பார்க்கவும், ஸ்டோரிபோர்டோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கவும் ஏஐ குரல் நல்ல உதவி, நானும் பயன்படுத்துகிறேன். கடைசிப் பிரதிக்கு மனிதக் குரலையே சொல்வேன். இப்போது உள்ள தமிழ்க் குரல்கள் முன்னைக்கு எவ்வளவோ தேறிவிட்டன, ஆனாலும் ழகரத்தில் வழுக்கும், "3,500" மாதிரி எண்ணைத் தப்பாகப் படிக்கும், நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் தொனி திடீரென்று மாறும். சேலை விற்பவர் குரலில் ஒரு வாஞ்சை இருக்க வேண்டும், "இந்தப் பார்டரைப் பாருங்க" என்று சொல்லும்போது உண்மையாகவே எதிரில் ஆள் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். அது இன்னும் வரவில்லை.

தொழில்முறைக் குரல்காரர்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் கடையில் முப்பது வருஷமாகச் சேலை பிரித்துக் காட்டுகிற ஒருவர் இருந்தால் அவரைப் பேசவையுங்கள். சேலை அடுக்கிய ஸ்டாக் ரூமை விடச் சிறந்த ரெக்கார்டிங் ரூம் எனக்குத் தெரிந்து இல்லை, துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை அணையுங்கள், ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள், பெங்களூர் ரோட்டு லாரி ஹாரன் அடங்குகிற நேரமாகப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள், மூன்றாவதுதான் பெரும்பாலும் நன்றாக வரும். இன்னொருவர் குரலை அவர் சம்மதம் இல்லாமல் ஏஐயில் நகல் எடுத்துப் பேசவைக்கிற யோசனையை யாராவது கொடுத்தால் கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் படித்துக்கொண்டே அனிமேஷன் செய்து தருகிறேன். ஒரு கடைக்காரர் பதினேழு தடவை கரெக்‌ஷன் சொல்லிவிட்டார். இன்னும் முடியவில்லை, பணமும் வரவில்லை. – காட்பாடி மாணவர்

பதில்: தம்பி, உன் கடிதத்தில் ஸ்கிரிப்டுக்கு அவர் எழுத்தில் சம்மதம் சொன்னதாக எங்கேயும் இல்லையே. அங்கேதான் இடறியிருக்கிறாய். "வெர்ஷன் 9"இல் அவர் மகன் பார்த்துப் புது யோசனை சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். யார் கடைசியாகச் சரி சொல்வார் என்று ஆரம்பத்திலேயே ஒருவர் பெயரை எழுதி வாங்கியிருக்க வேண்டும். அடுத்த வேலையிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு கம்ப்யூட்டரைத் திற. இப்போதைக்கு நேரில் போ. மீதி உள்ள திருத்தம் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதி, இதோடு முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதைச் செய்து, பணம் வரும்வரை குறுக்கே உன் பெயர் எழுதிய பிரதியை மட்டும் காட்டு. அவர் மீதும் முழுத் தப்பு இல்லை, அவருக்கும் என்ன வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. அடுத்த ஆளிடம் நீ கேள்.

கேள்வி: எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து சென்னைக் கடைகளுக்கும் அபார்ட்மென்டுகளுக்கும் நேரடியாக அனுப்ப நினைக்கிறோம். கத்தரிக்காயே பேசுகிற மாதிரி கார்ட்டூன் வீடியோ செய்ய எவ்வளவு ஆகும்? – அணைக்கட்டு பக்கத்து வாசகர்

பதில்: கார்ட்டூனுக்குச் செலவு செய்யாதீர்கள். சாஃப்ட்னர்காரருக்கு அனிமேஷன் சொன்னதற்குக் காரணம், அவர் காட்ட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. உங்களிடம் இருப்பது எல்லாமே கண்ணுக்குத் தெரியக்கூடியது. சென்னையில் இருக்கிறவருக்கு உள்ள சந்தேகம் "இது நிஜமாகவே அந்த ஊர்க் காய்தானா, இல்லை மார்க்கெட்டில் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டியதா" என்பதுதான். வரைந்த கத்தரிக்காய் அதற்குப் பதில் சொல்லாது, உங்கள் தோட்டம் சொல்லும்.

புவிசார் குறியீடு என்றால் என்ன என்று விளக்க மட்டும் பத்து விநாடிக்கு எழுத்தும் ஒரு வரைபடமும் போட்டுக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் கேமரா. விடியற்காலையில் பறிக்கப் போகும்போது ஃபோனை எடுத்துப் போங்கள், வெயில் ஏறிவிட்டால் காயின் மினுமினுப்பு படத்தில் வெளுத்துப் போகும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் என்றால் ஃபோனை நிமிர்த்திப் பிடியுங்கள். பறிக்கிற அம்மா முள் குத்தாமல் காம்பை எந்த விரலால் பிடிக்கிறார், எங்கே கிள்ளுகிறார் என்பதைப் பக்கத்தில் போய் எடுங்கள், பத்து விநாடி கையை ஆட்டாமல். அப்புறம் அந்தக் காயை அன்றைக்கே அவர் வீட்டு அடுப்பில் குழம்பு வைக்கும்போது ஒன்று. அவரிடம் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தக் காயை வேறு கத்தரிக்காயிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை ரெக்கார்டை நிறுத்தாமல் வைத்திருங்கள்.